இங்கிலாந்தில் ஒரு கால்பந்து அணியைத் தேர்ந்தெடுக்க நான் கொடுத்த விலை

நான் செவிலியர் பணிக்காக லண்டனுக்கு வந்தது 2022 அக்டோபரில். வங்கிக் கணக்கு தொடங்குவது, வாடகைக்கு அறை பிடிப்பது, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது என எல்லாவற்றுக்கும் முன்னே வந்தவர்கள் வழி சொன்னார்கள். லண்டனின் டூட்டிங் பகுதியில் தமிழ் பேசும் கடைக்காரர்களும் சுடச்சுடத் தோசையும் உண்டு என்பதுகூட ஊரிலிருந்து புறப்படும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வார்டில் முதல் வாரத்திலேயே நான்கைந்து பேர் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் சொல்லி வைக்கவில்லை. "நீங்கள் எந்த அணி?" என்பதே அந்தக் கேள்வி. யோசிக்காமல் சொன்ன பதிலால் அடுத்த நான்கு மாதங்களில் 487 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 49,000 ரூபாய், என் கையை விட்டுப் போனது. பணம் போனதைவிட, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டு திரிந்ததுதான் அதிகம் வலித்தது. இனி வருபவர்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. கிரிக்கெட்டைவிடக் கால்பந்தை உயிராக நினைக்கும் கரை அது. வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் மணலில் மாலையானால் பந்து உருளாத நாள் கிடையாது. அப்பா ஆடினார், தம்பி இன்றும் ஆடுகிறான். ஆகவே எனக்கு ஆட்டம் புரியும். ஆனால் இங்கிலாந்தின் அணிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தம்பி போட்டுத் திரியும் ஜெர்சியின் நிறம் மட்டுமே. மான்செஸ்டரில் உள்ள இரண்டு பெரிய அணிகளில் ஒன்று அவனுடையது. வார்டில் கேட்டவர்களிடம் அந்தப் பெயரையே சொல்லிவிட்டேன். உலகக் கோப்பை நெருங்கிய நேரம் அது. எங்கு திரும்பினாலும் கால்பந்துப் பேச்சுதான். நான் பதில் சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. மான்செஸ்டரில் எனக்கு உறவினர் இருக்கிறார்களா, எத்தனை முறை மைதானத்துக்குப் போயிருக்கிறேன், புதிய பயிற்சியாளரைப் பற்றி என்ன நினைக்கிறேன்? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை, பேச்சை வளர்க்கவே கேட்டார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றோ வாய்மொழித் தேர்வில் அகப்பட்டவள்போல முகம் சுருங்கி நின்றேன். சொல்லிய பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற வேகம் அங்கேதான் பிறந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில், "நான் ஊருக்குப் புதியவள், இன்னும் முடிவு செய்யவில்லை" என்பதே. அதைச் சொன்னால் யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. தங்கள் அணியின் பக்கம் இழுக்கத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை அணியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வதை இங்கே பலர் விரும்ப மாட்டார்கள் என்பதால், அவசரப்படாமல் இருப்பது மேலும் நல்லது.

முதலில் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேயே முதல் அதிர்ச்சி காத்திருந்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாக ஒளிபரப்பக்கூடாது. சிறிய அணிகளின் மைதானங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 1960களில் வந்த ஏற்பாடு அது. அதன்படி, சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை என் தம்பி ஊரில் இரவு எட்டரைக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்தான்; ஆட்டம் நடக்கும் நாட்டிலேயே இருந்த என்னால் பார்க்க முடியவில்லை. மற்ற நேரங்களில் நடக்கும் ஆட்டங்களும் ஒரே சந்தாவில் கிடைத்துவிடுவதில்லை, வெவ்வேறு நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. இதோடு தொலைக்காட்சி உரிமம் என்ற ஒன்றும் உண்டு. எந்தச் சேனலை நேரலையாகப் பார்த்தாலும், கைப்பேசியில் பார்த்தாலும், அந்த உரிமம் வேண்டும். அப்போது ஆண்டுக்கு 159 பவுண்டாக இருந்தது, 2025 ஏப்ரலில் 174.50 ஆனது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தால் அவரவர் அறைக்கு அவரவரே எடுக்க வேண்டியிருக்கும். ஊரில் பார்த்த வசதி இங்கே இருக்கும் என்று நம்பிச் சந்தா கட்டிவிடாதீர்கள்.

தொலைக்காட்சி சரிப்படவில்லை என்றதும் நேரிலேயே போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். 75 பவுண்டுக்கு ஜெர்சி வாங்கினேன். 35 பவுண்டு கட்டி அணியின் உறுப்பினர் ஆனேன். உறுப்பினர் ஆனால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைத்தது என் பிழை. பெரிய அணிகளில் உறுப்பினர் சந்தா என்பது டிக்கெட் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. பிறகு சமூக வலைத்தளக் குழு ஒன்றில், குடும்பத்தில் ஒரு சாவு விழுந்ததால் போக முடியவில்லை என்று சொல்லி ஒருவர் பிப்ரவரி மாத ஆட்டத்துக்கு டிக்கெட் விற்பதாகப் பதிவிட்டிருந்தார். பக்கத்தில் குழந்தையோடு அவர் நிற்கும் படம் இருந்தது. பேச்சிலும் பரிவு தெரிந்தது. சாவு வீட்டில் விலை பேசுவது முறையல்ல என்று எண்ணி, கேட்ட 180 பவுண்டை மறு பேச்சின்றி அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் டிக்கெட்டின் படம் வந்துவிட்டது.

ரயில் விஷயத்திலும் பட்டேன். சீக்கிரம் எடுத்தால் மலிவு என்று, உறுப்பினர் ஆன கையோடு ஒரு ஆட்டத்தைக் குறி வைத்து 58 பவுண்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன். மேல்நிலை லீகான பிரீமியர் லீகில் அட்டவணை முதலில் வெளியாகும்போது இருக்கும் நாளும் நேரமும் கடைசி வரை நிற்காது; தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ தள்ளிப்போகும். என் ஆட்டமும் அப்படித்தான் தள்ளிப்போனது. அந்த வகை டிக்கெட்டில் பணம் திரும்ப வராது, ஆனால் புறப்படும் நேரத்துக்கு முன்பு ஒரு சிறு கட்டணம் கட்டி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த 58 பவுண்டு மிஞ்சியிருக்கும். பிப்ரவரி ஆட்டத்துக்குப் புதிதாக 74 பவுண்டுக்கு ரயில் டிக்கெட்டும், 65 பவுண்டுக்கு ஓர் இரவு தங்க அறையும் எடுத்தேன். ஒளிபரப்பு ஆட்டங்கள் எவை என்ற அறிவிப்பு வரும்வரை பயணத்துக்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு உள்ளே ஜெர்சியைப் போட்டிருந்தேன். நுழைவாயிலில் இரும்புச் சுழல்கதவு, தோள் அகலம்கூட இல்லை. முன்னால் போனவர்கள் கைப்பேசியைக் கருவியின் மேல் காட்டக் காட்டப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குச் சிவப்பு எரிந்தது. மறுபடி காட்டினேன், மறுபடி சிவப்பு. பின்னால் நின்றவர்கள் நகரத் தொடங்கினார்கள். மஞ்சள் சட்டைக் காவலர் ஒரு பெண்மணி, என்னை ஓரமாக அழைத்து, கைப்பேசியை வாங்கிப் பார்த்து, "அம்மா, இது டிக்கெட்டின் படம்தான். டிக்கெட் கைப்பேசிக்குள் இருக்க வேண்டும், படமாக வராது. இன்று உங்களைப்போல இன்னும் சிலர் வந்துவிட்டார்கள்" என்று தணிந்த குரலில் சொன்னார். விற்றவருக்கு அங்கேயே நின்று செய்தி அனுப்பினேன். அந்தக் கணக்கே இல்லாமல் போயிருந்தது. எங்கே போவது என்று தெரியாமல் செங்கல் சுவரோரம் நின்றேன். இருபது நிமிடம் கழித்து உள்ளே ஒரு கோல் விழுந்தது. அந்த இரைச்சலில் நான் சாய்ந்திருந்த சுவர் அதிர்ந்தது. யார் அடித்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் தம்பி, "அக்கா, உள்ள போயாச்சா? போட்டோ அனுப்பு" என்று எழுதினான். வெளியிலிருந்து மைதானத்தைப் படமெடுத்து அனுப்பி, ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அன்றிரவு அறையில் அழுத அழுகை, லண்டனில் வந்து இறங்கிய முதல் நாள்கூட நான் அழாதது.

ஏமாந்ததை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. காவல் துறைக்குப் போனால் விசாவுக்குத் தொல்லை வருமோ என்ற பயம் ஒரு பக்கம், படித்த பெண் இப்படியா ஏமாறுவது என்ற பேச்சுக்கு அஞ்சிய வெட்கம் ஒரு பக்கம். கடைசியில் வங்கியைக் கேட்டபோது, நானே அனுப்பிய பணம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அணியின் அனுமதி இல்லாமல் மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றம் விற்பவருடையது, ஏமாந்து வாங்கியவர் புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. வர முடியாதவர்கள் தங்கள் டிக்கெட்டைத் திருப்பித் தர அணிகளே அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கம் வைத்திருக்கின்றன, அங்கே மட்டும் வாங்குங்கள். தெரியாதவருக்கு வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால், உடனே 159 என்ற எண்ணை அழையுங்கள், அது உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவோடு இணைக்கும். 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றி வாங்கப்பட்ட பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பதின்மூன்று மாதங்களுக்குள் கேட்க வேண்டும், முதல் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். என் பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

உண்மையை நான் முதன்முதலில் சொன்னது எங்கள் வார்டின் போர்ட்டர் பெரியவரிடம். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். நடு இரவில் தேநீர் அறையில், அந்த வார ஆட்டம் பார்த்தேனா என்று அவர் கேட்டதும் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "சனிக்கிழமை உனக்கு விடுப்பா? பிளவ் லேன் இங்கிருந்து நடந்தே போகும் தூரம்தான், என்னோடு வா" என்றார். பிளவ் லேன் மைதானத்தில் ஆடும் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற அணியின் பெயரையே அன்றுதான் சரியாகக் கேட்டேன். கேரட் லேன் என்ற சாலை வழியாக அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. நீலமும் மஞ்சளுமாக அவருடைய ஸ்கார்ஃப், ஓரம் பிரிந்த இடத்தில் வேறு நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவருடைய மனைவி இறப்பதற்கு முந்தைய ஆண்டு தைத்துக் கொடுத்ததாம். டிக்கெட் இருபது பவுண்டுச் சொச்சம். எதிரே ஆடுபவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும், பந்து காலில் படும் ஓசையும் இருக்கைவரை கேட்டன. எங்கள் ஊர் மணலில் உட்கார்ந்து கேட்ட அதே ஓசை. நாட்டைவிட்டு வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் தோள்களில் இருந்த இறுக்கம் இறங்கியது.

அந்தப் பருவத்தில் விம்பிள்டன் நன்றாக ஆடவில்லை. நான்காம் நிலையான லீக் டூவில் 24 அணிகளில் 21ஆவதாக முடித்தது. ஆனாலும் கூட்டம் வந்துகொண்டே இருந்தது, காரணத்தைப் பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பழைய விம்பிள்டன் அணி 1988இல் லிவர்பூலை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1991இல் பிளவ் லேனை விட்டு வெளியேறி, வேறோர் அணியின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டது. 2002 மே மாதம், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்கு அணியை மாற்ற உரிமையாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. அணியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் ரசிகன் எங்கே போவான்? ரசிகர்கள் சில வாரங்களில் தாங்களே புது அணி தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் நிலை லீகிலிருந்து தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011இல் 92 அணிகள் கொண்ட தேசிய வரிசைக்குள் வந்தார்கள். ரசிகர்கள் கடன் பத்திரங்கள் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்ததும் சேர்ந்தே பிளவ் லேனில் புது மைதானம் எழுந்தது. 2020 நவம்பரில் அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு, கொரோனாவால் பார்வையாளர் ஒருவரைக்கூட அனுமதிக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்த பெரியவர் அதை வீட்டுத் திரையில் பார்த்தார். அணியின் பெரும்பங்கு இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளையிடமே இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் எனக்கும் ஒரு வாக்கு, ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கும் ஒரு வாக்கு. எதற்காக இந்த அணி என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லோரும் விம்பிள்டனைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரிலிருந்தே ஒரு பெரிய அணியைப் பல ஆண்டுகளாக நேசித்து வந்தவர் அதை விட வேண்டிய அவசியம் துளியும் இல்லை. என் தம்பியின் அன்பு யாருடைய அன்புக்கும் குறைந்ததல்ல. நான் செய்த பிழை, எனக்கில்லாத அன்பைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்தது. நீங்கள் வெறுங்கையோடு வந்திருந்தால், குடியிருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய மைதானங்கள் எவை என்று முதலில் பாருங்கள். பெரிய லீக்கோடு நின்றுவிட வேண்டாம். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, அதற்கும் கீழே வாசலிலேயே பணம் கட்டி நுழையக்கூடிய சிறு அணிகள் வரை எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். இரண்டு மூன்று இடங்களுக்கு ஜெர்சி, ஸ்கார்ஃப் எதுவும் வாங்காமல் ஒருமுறை போய்வாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் உங்களிடம் பேசுகிறாரா, தோற்றுக்கொண்டிருக்கும்போது கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது, இரவு ஆட்டம் முடிந்து தனியாக வீடு திரும்பும் வழி உங்களுக்குச் சரிப்படுகிறதா என்று பாருங்கள். பெண்களுக்குக் கடைசிக் கேள்வி முக்கியமானது. கூட்டம் பயமாக இருந்தால் பெண்கள் அணியின் ஆட்டங்களிலிருந்து தொடங்கலாம். விம்பிள்டன் முன்பு ஆடிய கிங்ஸ்மெடோ மைதானத்தில் நான் போனபோது செல்சியின் பெண்கள் அணி ஆடியது, குழந்தைகளோடு வரும் குடும்பங்களை அங்கே நிறையப் பார்த்தேன். உள்ளூர் அணியின் ரசிகர்கள் அமரும் பகுதியில் வெளியூர் அணியின் நிறத்தை அணிந்து போகாதீர்கள், அனுப்பிவிடுவார்கள். கால் விரைத்துப் போகும், இரண்டு சோடிக் காலுறை போடுங்கள். இடைவேளையில் பலர் கையில் ஆவி பறக்கும் போவ்ரில் என்ற பானம் இருக்கும். அது மாட்டிறைச்சிச் சாறு, சாப்பிடாதவர்கள் தேநீர் என்று கேட்டே வாங்குங்கள்.

2024 மார்ச் 2 அன்று மில்டன் கீன்ஸ் அணி பிளவ் லேனுக்கு வந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் நான்காம் நிமிடத்தில் ரோனன் கர்ட்டிஸ் பந்தை உள்ளே தள்ளினார். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள், நானும் யாரையோ பிடித்து உலுக்கினேன். திரும்பிப் பார்த்தால் பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், ஸ்கார்ஃபின் அந்தத் தைத்த ஓரத்தைக் கைக்குள் மடித்துப் பிடித்தபடி. வீட்டுக்கு நடந்து வரும்போது தம்பிக்கு அழைத்து, ஓராண்டுக்கு முன்பு மைதானத்துக்கு உள்ளே போகவே இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றான். அவ்வளவுதான். ஓராண்டாக நெஞ்சில் கிடந்தது இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டது.

2025 மே மாதம் வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என வென்று விம்பிள்டன் லீக் ஒன்னுக்கு ஏறியபோது நான் பணியில் இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்ட பெரியவர் மறுநாள் மருத்துவமனை வாசலுக்கே வந்து, எனக்கென்று ஒரு பிரதி வாங்கிவைத்த ஆட்ட மலரைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்மையில் மார்த்தாண்டத்திலிருந்து புதிதாக ஒரு செவிலியர் எங்கள் வார்டில் சேர்ந்தார். பணி மாற்றும் நேரத்தில் அவரிடமும் அந்தக் கேள்வி வந்தது. நான் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, ஊருக்குப் புதிது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் ஃபுல்ஹாம் அணியின் ரசிகரிடமிருந்து ஒன்று, கிரிஸ்டல் பேலஸ் அணியின் ரசிகரிடமிருந்து ஒன்று என இரண்டு அழைப்புகள் வந்துவிட்டன; இரண்டுக்கும் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை அவருக்கு இரவுப் பணி இருப்பதால், செவ்வாய் மாலை 7.45 ஆட்டத்துக்கு எங்கள் வரிசையில் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன்.